உதயம்பேரூரில் எரிந்த ஏடும் எரியாத ஏடும்

வடகரப்பதியில் கடை வைத்த நாளிலிருந்து மலையாளச் சொற்களைப் பொறுக்கிச் சேர்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அப்படிக் கிடைத்த ஒன்று 'பாஷண்டத'. சபைக் கொள்கைக்கு மாறான போதனையைக் கேரளக் கிறிஸ்தவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். பழைய தமிழ்க் கத்தோலிக்க நூல்களில் இது 'தப்பறை'. ஆனால் பாஷண்டம் நமக்குப் புதிய சொல்லா என்ன? அசோகனின் பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டில் பாசண்டம் என்றால் ஒரு சமயப் பிரிவு, அவ்வளவே. எல்லாப் பாசண்டங்களையும் மதிக்கச் சொல்கிறான் அவன். சிலப்பதிகாரத்தில் பாசண்டச் சாத்தன் என்று ஒரு தெய்வமே உண்டு. பிற்பாடு வைதிகர் வாயில் அது சமணரையும் பௌத்தரையும் ஏசும் சொல்லாயிற்று. எங்களை ஏசிய சொல் கிறிஸ்தவர் வீட்டில் யாரைச் சுட்டியது என்று தேடப் போய்த்தான் உதயம்பேரூருக்கு வந்து சேர்ந்தேன்.

எர்ணாகுளம் மாவட்டத்தில், திருப்பூணித்துறைக்குத் தெற்கே இருக்கிறது அந்த ஊர். 1599 ஜூன் 20 முதல் 26 வரை அங்குள்ள பள்ளியில் ஒரு மாமன்றம் கூடியது. (கேரளத்தில் மாதா கோயிலுக்குப் பெயர் 'பள்ளி'. இது சமணரும் பௌத்தரும் விட்டுப்போன சொல் என்பதை மலர் படிக்கும் அன்பர்கள் குறித்துக்கொள்ளலாம்.) கூட்டியவர் கோவாப் பேராயர் அலெய்ஷோ தெ மெனெசெஸ். 153 குருமாரும் சுமார் 660 ஊர்ப் பிரதிநிதிகளும் வந்திருந்தார்கள். தோமா கிறிஸ்தவர்களுக்கு நெடுங்காலமாக மெசபொத்தேமியாவிலிருந்துதான் ஆயர்கள் வந்தனர். வழிபாட்டு மொழி சுறியானி. அந்தக் கீழைச் சபையை ரோம் 'நெஸ்டோரியம்' என்று தள்ளி வைத்திருந்தது.

வழக்கு ரொம்பப் பழையது. மரியாளைத் தேவனின் தாய் என்பதா, கிறிஸ்துவின் தாய் என்பதா? கிறிஸ்துவின் தாய் என்பதே சரி என்ற நெஸ்டோரியஸை 431-ல் எபேசு சங்கம் விலக்கியது. அந்தத் தீர்ப்பு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து மலையாளக் கரையில் நிறைவேறியது.

மாமன்றத்தின் மூன்றாம் அமர்வில் தடைசெய்த நூல்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. நிசிபிஸ் ஆயர் அப்தீஷோ 1298 வாக்கில் இயற்றிய 'மர்கனீதா' அதில் ஒன்று. மர்கனீதா என்றால் முத்து. இடைக்காலக் கீழைச் சபையின் இறையியலைச் சுருக்கிச் சொல்லும் நூல் அது. பாரசீக வைத்தியம் என்ற நூலும் மாந்திரீகம் என்று சேர்க்கப்பட்டது! வைத்திருந்தாலும் படித்தாலும் சபை விலக்கு. மற்ற சுவடிகளை இரண்டு மாதத்துக்குள் திருத்தத்துக்குக் கொடுக்க வேண்டும். ஜெபப் புத்தகங்களில் நெஸ்டோரியஸ் முதலியோரின் பெயர்கள் நீக்கப்பட வேண்டும். பல சுவடிகள் தீக்குப் போயின.

எல்லாமே போயிற்று என்றுதான் பலரும் எழுதிவந்தார்கள். இங்கேதான் இஸ்த்வான் பெர்ட்செல் என்ற ஹங்கேரிய வரலாற்றறிஞர் வருகிறார். பழைய கிழக்குக் கிறிஸ்தவச் சிந்தனையும் ஓரிகன் கொள்கை பற்றிய தப்பறை வழக்குகளும் அவருடைய துறை. அவர் கேரளத்துக்கு வந்து, பள்ளிகளிலும் மடங்களிலும் கிடந்த சுறியானிச் சுவடிகளைப் படம் எடுக்கும் வேலையைத் தொடங்கினார். தோமா கிறிஸ்தவரின் பழஞ்சுவடிகள் எல்லாவற்றையும் உதயம்பேரூர்த் தீ அழித்துவிட்டதா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 2006-ல் ஒரு கட்டுரை எழுதினார். இல்லை என்பதே அவர் விடை. மாமன்றத்துக்கு முந்திய சுவடிகளில் தப்பியவை உண்டு. திருத்தத்துக்கு உள்ளான ஏடும் வரலாற்றுக்காரருக்குச் சாட்சிதான். கணக்கு எழுதுகிறவனுக்கு இது புரியும். பேரேட்டில் அடித்த வரியைத்தான் தணிக்கைக்காரர் முதலில் பார்ப்பார்.

எனக்கு இதைவிட ருசியானது இன்னொன்று. சுவடி திருத்தும் பொறுப்பு பிரான்சிஸ்கோ ரோஸ் என்ற சேசு சபைக் குருவிடம் தரப்பட்டது. சுறியானி நன்றாக அறிந்தவர். பிற்பாடு இங்கேயே ஆயரும் ஆனார். மாமன்றத்துக்கு முன்பே, 1586-87 வாக்கில், இந்தியாவிலுள்ள நெஸ்டோரியரின் பிழைகள் என்று இலத்தீனில் ஒரு மறுப்பு நூல் எழுதிவைத்தார். திருச்சியில் பணிசெய்த காஸ்தே பாதிரியார் அதைக் கண்டெடுக்க, 1928-ல் அச்சாயிற்று. மறுப்பதற்காக எதிராளியின் சுறியானி வரிகளை அவர் அப்படியே எடுத்தெழுதியிருக்கிறார். அன்று இங்கே என்னென்ன படித்தார்கள் என்பதற்கு அந்த மறுப்பே ஆதாரம்.

நம் நீலகேசி நினைவுக்கு வருகிறதல்லவா? பௌத்தக் காப்பியமான குண்டலகேசி அழிந்துபோனது. அது சொன்ன வாதம் இன்னதென்று நாம் ஊகிப்பதற்குப் பெருந்துணை, அதை மறுத்த சமண நூலான நீலகேசியும் அதற்கு வாமன முனிவர் எழுதிய உரையும்தான். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-ல் உரையோடு அதைப் பதிப்பித்தார். நாங்கள் தோற்கடித்ததாகச் சொல்லிக்கொள்ளும் பௌத்தரின் குரலை நாங்களே காத்து வைத்திருக்கிறோம். பெருமையா கூச்சமா என்று எனக்கு இன்றும் தீரவில்லை. பிரான்சிலும் இதே கதை. 1318 முதல் 1325 வரை ஆயர் ஃபூர்னியே நடத்திய தப்பறை விசாரணைப் பதிவேட்டை வைத்துத்தான் லெ ரோய் லதுரி 1975-ல் மொந்தையு என்ற மலைக்கிராமத்தின் வரலாற்றையே எழுதினார்.

1994 நவம்பர் 11 அன்று போப் இரண்டாம் யோவான் பவுலும் கீழைச் சபைத் தலைவர் நான்காம் மார் தின்காவும் ரோமில் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். தேவனின் தாய், கிறிஸ்துவின் தாய் என்ற இரண்டு வழக்கும் ஒரே விசுவாசத்தின் சொற்களே என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சபையைச் சேர்ந்த கல்தாய சுறியானிக்காரர்கள் திருச்சூரில் இருக்கிறார்கள். வடகரப்பதியிலிருந்து பஸ் ஏறினால் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம்.