மாதம் ரூ.1.2 லட்சமா, ரூ.10 ஆயிரமா? சென்னையில் தொடங்கிய கேன்சர் மாத்திரை வழக்கு... நடந்தது என்ன?

ராயபுரத்தைத் தாண்டி பாரிமுனைக்கு வந்தால், துறைமுகம் பக்கத்திலேயே சிவப்புக் கட்டடமாக நிற்கிறது சென்னை உயர் நீதிமன்றம். 2007 ஆகஸ்ட் 6-ம் தேதி இங்கு வெளியான ஒரு தீர்ப்புக்காக இந்தியா மட்டுமல்ல, பல ஏழை நாடுகளின் நோயாளிகளும் காத்திருந்தனர்.

என்ன மருந்து?

சிஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோய்க்கான மாத்திரை 'கிளிவெக்'. சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனத் தயாரிப்பு. ஒரு மாத மாத்திரையின் விலை சுமார் ரூ.1.2 லட்சம். இந்திய நிறுவனங்கள் அதே மருந்தைச் சுமார் ரூ.10 ஆயிரத்துக்கே கொடுத்தன. 2003-ல் நோவார்ட்டிஸுக்குத் தனி விற்பனை உரிமை கிடைத்ததும், சில இந்திய நிறுவனங்கள் தயாரிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று.

பிரிவு 3(டி) என்றால் என்ன?

1970-ம் ஆண்டு சட்டப்படி, இந்தியாவில் மருந்தின் செய்முறைக்குத்தான் காப்புரிமை, மருந்துக்குக் கிடையாது. அதனால்தான் வேறு செய்முறையில் மலிவாகத் தயாரிக்க முடிந்தது. உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி 2005-ல் மருந்துக்கும் காப்புரிமை வந்தது. ஆனால் இடதுசாரிக் கட்சிகள் கொடுத்த அழுத்தத்தால் ஒரு 'பூட்டும்' போடப்பட்டது. அதுதான் 3(டி). சிம்பிளா சொன்னா, பழைய மருந்தில் சின்ன மாற்றம் செய்துவிட்டு புதுக் காப்புரிமை கேட்க முடியாது. நோய் தீர்க்கும் திறன் கூடியிருக்க வேண்டும்.

நீதிமன்றங்கள் சொன்னது என்ன?

1998-லேயே நோவார்ட்டிஸ் கொடுத்திருந்த விண்ணப்பத்தை, சென்னை காப்புரிமை அலுவலகம் 2006-ல் நிராகரித்தது. 3(டி) செல்லாது என்று நிறுவனம் வழக்கு போட, உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. மருந்தின் புதிய வடிவம் உடலில் 30% கூடுதலாகச் சேர்கிறது என்றது நிறுவனம். அது மட்டும் நோயைக் கூடுதலாகக் குணப்படுத்துகிறது என்பதற்கு ஆதாரம் ஆகாது என்று 2013 ஏப்ரல் 1-ல் தீர்ப்பு வந்தது.

நிறுவனத்தின் வாதம்?

காப்புரிமை இல்லாவிட்டால் புதிய மருந்து ஆராய்ச்சிக்கு யார் பணம் போடுவார்கள் என்பதே நோவார்ட்டிஸின் கேள்வி. இந்தியாவில் பெரும்பாலான நோயாளிகளுக்கு கிளிவெக்கை இலவசமாகவே தருவதாகவும் சொன்னது. 'இலவசம் என்பது கம்பெனியின் விருப்பம், மலிவு விலை என்பது நோயாளியின் உரிமை' என்பது எதிர்த்தரப்பு வாதம்.

இப்போது ஏன் முக்கியம்?

மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான 'பெடாகுயிலின்' மாத்திரையின் காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்டதை, 2023 மார்ச்சில் இந்தியா நிராகரித்தது. அன்று போட்ட பூட்டு இன்றும் வேலை செய்கிறது.