மறையுரையும் தோட்ட மக்களும்: 1854–1983

சமய உரை எதனையும் அது தோன்றிய சமூக உறவுகளிலிருந்து பிரித்து நோக்குதல் பொருந்தாது. 1854 இல் தோட்டத்துரைமாரின் முயற்சியால் அமைந்த தமிழ்க் கூலி மிசன், திருநெல்வேலி உபதேசிமார் வாயிலாக வேதாகமத்தை இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தது. துரைமாரின் ஆதரவில் நிகழ்ந்த போதனை கூலியுறவைக் கேள்விக்குள்ளாக்கும் என எதிர்பார்த்தல் இயலாது.

ஏறத்தாழ 130 ஆண்டுகளின் பின் அதே அங்கிலிக்கன் திருச்சபையிலிருந்து வேறொரு குரல் எழுந்தது. 1962 முதல் குருநாகல் ஆயராகவிருந்த லக்ஷ்மன் விக்கிரமசிங்கவின் மறைமாவட்டத்துள் சப்பிரகமுவவின் கேகாலை மாவட்டமும் அடங்கிற்று. சிங்களவரான அவர், சிவில் உரிமைகள் இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவராகவும் விளங்கினார்.

1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்தில் தாக்கப்பட்டனர். 1983 யூலையில் வன்முறை நாட்டின் பல பகுதிகளிலும் தமிழரைச் சூழ்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் தம் மறைமாவட்டப் பேரவையில் உரையாற்றிய ஆயர், அவ்வன்முறையை அறநெறியில் நியாயப்படுத்தவியலாது என்றும், சிங்களவர் வெட்கமுற்றுத் தமிழரிடம் மன்னிப்புக் கோரல் வேண்டும் என்றும் வலியுறுத்தினார். அடுத்த மாதமே அவர் காலமானார்.

பாவமன்னிப்பு என்னும் தனிமனித அறக்கருத்து இவ்வுரையில் ஓரினத்தின் அரசியற் பொறுப்பாக விரிவடைகின்றது. அதன் வரலாற்று முக்கியத்துவம் இதுவே எனலாம். எனினும் மன்னிப்புக் கோரல் லயத்தையோ நாட்கூலியையோ மாற்றிவிடாது. நாடற்றோரில் எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கவும் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது. ஆகவே, ஆயரின் உரையைச் சமயப் பேச்சென முற்போக்காளர் ஒதுக்குதலும், அதனை மன்னிப்பளவில் திருச்சபையார் நிறுத்திக்கொள்ளுதலும் ஒருங்கே தவறென்பது நமது கருத்தாகும்.