ஆர்சி விமானம், ஹெலிகாப்டர் பறக்கவிட ஆசையா? வாங்குறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க!

ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானத்தை யூடியூபில் பார்த்ததும், 'நாமளும் ஒண்ணு வாங்கினா என்ன?' என்று தோன்றுவது இயல்பு. ஆனால், ஆசையாக வாங்கிய விமானம் முதல் நாளே மூக்கு உடைந்து அட்டைப்பெட்டிக்குத் திரும்புவதும் இந்தப் பொழுதுபோக்கில் ரொம்ப சகஜம். 'நமக்கு இது செட் ஆகாது' என்று பலரும் விட்டுவிடுவது அந்த இடத்தில்தான்.

உண்மையில், இப்படி நடக்கும் விபத்துகளில் பல, விமானம் தரையில் இருக்கும்போதே முடிவாகிவிட்டவை. எடை சரியாக அமையவில்லை, எய்லரான் தலைகீழாக அசைகிறது, காற்று அதிகம், தவறான மாடல்... காரணங்கள் இப்படித்தான் இருக்கும். எதில் தொடங்குவது, எப்படி செட் செய்வது, எதற்கெல்லாம் பயப்பட வேண்டும், சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

இது பொம்மை இல்லையா?

இல்லை. ரேடியோ கன்ட்ரோல் என்பதன் சுருக்கம்தான் ஆர்சி. 1930-களில் அமெரிக்காவின் வால்டர், வில்லியம் குட் சகோதரர்கள் ரேடியோ அலையால் இயங்கும் மாடல் விமானத்தைப் பறக்கவிட்டார்கள். 'பிக் கஃப்' என்ற அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. மாடல் ஹெலிகாப்டர் வசப்பட இன்னும் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் அதைச் சாதித்துக் காட்டினார்.

நம்ம ஊரில் இந்தப் பொழுதுபோக்கைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியவர் நடிகர் அஜித்குமார். ஆர்சி விமானங்களில் அவருக்கு இருந்த ஆர்வம்தான், 2018-ல் அண்ணா பல்கலைக்கழக எம்ஐடி வளாகத்தின் 'தக்‌ஷா' ட்ரோன் குழுவுக்கு ஆலோசகராகும் வரை அவரைக் கொண்டுபோனது. என்சிசி விமானப் பிரிவு மாணவர்களுக்கும் ஏரோமாடலிங் பயிற்சியின் ஒரு பகுதி.

எதுல ஆரம்பிக்கணும்?

பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு, அழகைப் பார்த்து வாங்குவது. போர் விமான மாடலும், ஜெட் மாடலும் வேகமாகப் பறந்தால்தான் காற்றில் நிற்கும். கற்றுக்கொள்பவருக்கு யோசிக்க நேரமே கிடைக்காது.

தொடக்கத்துக்கு ஏற்றது 'ட்ரெய்னர்' வகை. அடையாளம் ரொம்ப சிம்பிள்:

• இறக்கை உடலுக்கு மேலே இருக்கும்
• இரண்டு இறக்கைகளும் லேசாக 'வி' வடிவில் மேல்நோக்கி வளைந்திருக்கும்
• உடல் தெர்மோகோல் போன்ற ஃபோமில் செய்யப்பட்டிருக்கும்

இந்த 'வி' வளைவுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஸ்டிக்கை விட்டுவிட்டால், விமானம் தானாகவே நிமிர முயலும். பதறும் நேரத்தில் கையை எடுத்தாலே பாதி ஆபத்து குறையும். ஃபோம் உடைந்தாலும் பசை, டேப் போட்டு அன்றைக்கே மறுபடி பறக்கலாம். பால்சா மரத்தில் செய்த விமானம் என்றால் ஒரு விழுதலுக்குப் பல நாள் வேலை.

ரிமோட்டில் 'மோட்' என்றால் என்ன?

விமானத்துக்கு முக்கியமான கட்டுப்பாடுகள் 4. த்ராட்டில் மோட்டாரின் வேகத்துக்கு. எலிவேட்டர் மூக்கை ஏற்றி இறக்க. எய்லரான் பக்கவாட்டில் சாய்க்க. ரடர் மூக்கை இடம் வலமாகத் திருப்ப.

மோட் 2 ரிமோட்டில் த்ராட்டிலும் ரடரும் இடது ஸ்டிக்கில் இருக்கும். எலிவேட்டரும் எய்லரானும் வலது ஸ்டிக்கில். மோட் 1-ல் த்ராட்டிலும் எலிவேட்டரும் இடம் மாறிவிடும். எது சிறந்தது என்ற விவாதமே வேண்டாம். உங்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறவர் எந்த மோடில் பறக்கவிடுகிறாரோ, அதையே வாங்குங்கள். அவசரத்தில் ரிமோட்டை அவர் கையில் கொடுத்தால்தான் விமானம் தப்பிக்கும். விரல்கள் ஒரு மோடுக்குப் பழகிவிட்டால் மாற்றுவது கஷ்டம்.

சிமுலேட்டர் அவசியமா?

கட்டாயம். ரியல்ஃப்ளைட் போன்ற சிமுலேட்டரில் ரிமோட்டையே கணினியோடு இணைத்துப் பழகலாம். அங்கே நூறு முறை விழுந்தாலும் செலவு பூஜ்யம்.

எல்லோருக்கும் குழப்பம் வரும் இடம் ஒன்று உண்டு. விமானம் உங்களை விட்டு விலகிப் போகும்போது உங்கள் வலதுதான் அதன் வலது. அதே விமானம் உங்களை நோக்கித் திரும்பி வந்தால் எல்லாமே தலைகீழ். இதற்கு ஒரு எளிய வழி: எதிரே வரும் விமானத்தின் எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள். சாயும் இறக்கைக்கு முட்டுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டால் மறக்காது. சிமுலேட்டரில் இது யோசிக்காமலே வரும் வரை மைதானத்துக்குப் போக வேண்டாம்.

பறக்கவிடுறதுக்கு முன்னாடி: செட்டப்பில் 5 விஷயங்கள்

1. எடை மையம்: இதுதான் உயிர்நாடி. பொதுவாக இறக்கையின் அகலத்தில், முன் விளிம்பிலிருந்து 25 முதல் 33 சதவீத தூரத்தில் எடை மையம் இருக்க வேண்டும். இறக்கை அகலம் 20 செ.மீ. என்றால், முன் விளிம்பிலிருந்து 5 முதல் 6.5 செ.மீ.க்குள். உங்கள் மாடலின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பேட்டரியை உள்ளே வைத்த பிறகு, அந்த இடத்தில் இரண்டு விரலால் தாங்கிப் பாருங்கள். சமமாகவோ மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். மூக்கு கனமானால் விமானம் மந்தமாகப் பறக்கும். வால் கனமானால் கட்டுக்குள் வராமல் விழும். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தியே பெரும்பாலும் சரிசெய்யலாம்.

2. அசைவின் திசை: விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும், இடது கீழே இறங்க வேண்டும். ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். ரடரை வலப்பக்கம் தள்ளினால் அதுவும் வலப்பக்கமே திரும்ப வேண்டும். ஒன்று தலைகீழாக இருந்தாலும் ரிமோட்டில் 'ரிவர்ஸ்' செய்யாமல் பறக்கக் கூடாது. அனுபவசாலிகளும் இதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறார்கள்.

3. அசைவின் அளவு: புதியவர்கள் பயத்தில் ஸ்டிக்கை முழுசாகத் தள்ளிவிடுவார்கள். அதனால் 'டூயல் ரேட்' வசதியில் அசைவைக் குறைத்து வையுங்கள். 'எக்ஸ்போ' 20 முதல் 30 சதவீதம் வைத்தால், ஸ்டிக்கின் நடுப்பகுதியில் விமானம் மென்மையாகக் கேட்கும்.

4. ஃபெயில்சேஃப்: சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்க வேண்டும். விமானத்தை நகராமல் பிடித்துக்கொண்டு, மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு, ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார் தொடர்ந்து ஓடினால் செட்டிங் தவறு.

5. ரேஞ்ச் சோதனை: இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகளில் சிக்னல் வலிமையைக் குறைத்துச் சோதிக்கும் வசதி இருக்கும். அதை இயக்கி, சுமார் 30 தப்படி தள்ளி நின்று எல்லா அசைவும் தடுமாறாமல் வருகிறதா என்று பாருங்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் ரிமோட்டை ஆன் செய்து, அப்புறம்தான் விமானத்தில் பேட்டரியை இணைக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் பேட்டரியைக் கழற்றி, கடைசியில் ரிமோட்டை அணைக்க வேண்டும்.

முதல் பறத்தல்: எப்போ, எப்படி?

'ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்' என்பார்கள். ஒரு கிலோகூட இல்லாத ஃபோம் விமானம் எம்மாத்திரம்? மரக்கிளை ஆடும் அளவுக்குக் காற்று இருந்தால் அன்றைக்கு லீவு விட்டுவிடுங்கள். அதிகாலையில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும், அதுதான் நல்ல நேரம். மின்கம்பி, சாலை, வீடுகள் இல்லாத திறந்தவெளி வேண்டும். சூரியனைப் பார்த்தபடி நிற்காதீர்கள்.

கிளம்புவதும் இறங்குவதும் எப்போதுமே காற்றை எதிர்த்துத்தான். கிளம்பியதும் உயரமாக ஏறுங்கள். உயரம்தான் தவறைத் திருத்த நேரம் கொடுக்கும். அங்கே சமமாகப் பறக்கிறதா என்று பார்த்து 'ட்ரிம்' செய்யுங்கள்.

புதியவர்களின் விமானத்தை அதிகம் வீழ்த்துவது 'ஸ்டால்'. வேகம் குறைந்த நிலையில் மூக்கைத் தூக்கினால், இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் போய் விமானம் பொத்தென்று சரியும். 'கீழே வருதே' என்று பதறி எலிவேட்டரை இன்னும் இழுப்பதுதான் எல்லோரும் செய்வது. செய்ய வேண்டியது நேர் எதிர். இழுப்பதை விட்டு, மூக்கைத் தாழ்த்தி, த்ராட்டிலைக் கூட்டி வேகத்தை மீட்க வேண்டும்.

பக்கத்தில் ஒரு அனுபவசாலி இருந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டு ரிமோட்டுகளை இணைக்கும் 'பட்டி பாக்ஸ்' முறையில், நீங்கள் தடுமாறும் நொடியில் அவர் ஒரு சுவிட்சைத் தட்டி விமானத்தைத் தன் கட்டுப்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஹெலிகாப்டர் ஏன் இவ்வளவு கஷ்டம்?

ட்ரெய்னர் விமானம் கையை விட்டால் நிமிரும். ஹெலிகாப்டர் கையை விட்டால் விழும். ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்க வைப்பதற்கே 4 கட்டுப்பாடுகளையும் ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

மேலே இரண்டு விசிறிகள் எதிரெதிர்த் திசையில் சுற்றும் 'கோஆக்சியல்' வகை வீட்டுக்குள்ளேயே பழக ஏற்றது. அடுத்தது 'ஃபிக்ஸட் பிட்ச்'. முழுமையானது 'கலெக்டிவ் பிட்ச்'. இதில் விசிறி ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றும், பிளேடின் சாய்வு கோணம்தான் மாறும். தலைகீழாகப் பறப்பதும் இதனால்தான் சாத்தியம்.

இதன் செட்டப்புக்குப் பொறுமை வேண்டும். முதல் வேலை, மோட்டார் வயர்களைக் கழற்றி வைப்பது. செட் செய்யும்போது விசிறி தவறுதலாகக்கூடச் சுற்றக் கூடாது. பிறகு இவற்றைப் பாருங்கள்:

• ஸ்டிக் நடுவில் இருக்கும்போது சர்வோ கைகள் 90 டிகிரியில், ஸ்வாஷ்பிளேட் மட்டமாக, பிளேடின் கோணம் பூஜ்யமாக இருக்க வேண்டும். பிட்ச் கேஜ் வைத்து அளக்க வேண்டும், கண் மதிப்பு போதாது.
• ஹெலிகாப்டரைக் கையால் முன்னால் சாய்த்தால், ஸ்வாஷ்பிளேட் அதை எதிர்த்துப் பின்னால் சாய வேண்டும். முன்னாலேயே சாய்ந்தால் கைரோ தலைகீழாக இருக்கிறது. அப்படியே கிளப்பினால் அந்த நொடியே கவிழும்.
• வால் விசிறியின் கைரோ திசையையும் இப்படியே சோதிக்க வேண்டும். தவறினால் ஹெலிகாப்டர் பம்பரமாகச் சுற்றும்.
• இரண்டு பிளேடுகளும் ஒரே தளத்தில் சுற்றுகிறதா என்று, தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

பழகும் வரிசை: முதலில் வால் உங்களைப் பார்த்திருக்கும்படி அந்தரத்தில் நிறுத்துவது. அடுத்து பக்கவாட்டில். கடைசியாக மூக்கு உங்களைப் பார்த்திருக்கும்படி. தொடக்கத்தில் அடியில் குறுக்குக் குச்சிகளும், அவற்றின் நுனியில் பந்துகளும் கட்டினால் கவிழாமல் காக்கும்.

விளையாட்டு வினையாகும் இடம்

நடுத்தர 450 ரக ஹெலிகாப்டரின் பிளேடு சுமார் 32 செ.மீ. நீளம். நிமிடத்துக்கு 2,500 சுற்று என்று வைத்துக்கொண்டால், பிளேடின் நுனி மணிக்கு 300 கி.மீ.க்கும் அதிக வேகத்தில் வெட்டிக்கொண்டிருக்கும்.

2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள ஒரு பூங்காவில், தன்னுடைய மாடல் ஹெலிகாப்டரின் பிளேடு தாக்கி 19 வயது இளைஞர் உயிரிழந்தார். அவர் புதியவர் அல்ல, நன்றாகப் பறக்கத் தெரிந்தவர்.

எனவே, பழகும்போது குறைந்தது 8 முதல் 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். மோட்டாரை நிறுத்தும் 'த்ராட்டில் ஹோல்டு' சுவிட்ச் விரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். குழந்தைகளை உங்கள் பின்னால் நிறுத்துங்கள். விமானத்தின் முன்விசிறியும் விரலை வெட்டும். வீட்டில் செட் செய்யும்போது அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

லிப்போ பேட்டரி: கவனம் தேவை

• ஒரு செல்லின் முழு சார்ஜ் 4.2 வோல்ட். அதற்கு மேல் ஏற்றினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.
• 2,200 எம்ஏஎச் பேட்டரியை 2.2 ஆம்பியரில் சார்ஜ் செய்வது பாதுகாப்பு. செல்களைச் சமன்செய்யும் பேலன்ஸ் சார்ஜர் கட்டாயம்.
• முழுசாகத் தீரும் வரை பறக்கவிடாதீர்கள். பல நாள் பயன்படுத்தவில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள்.
• உப்பிப்போன பேட்டரி, விழுந்து நசுங்கிய பேட்டரி இரண்டையும் மறுபடி பயன்படுத்தக் கூடாது.
• சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

'ட்ரோனுக்குத்தானே சட்டம், நமக்கென்ன?' என்று நினைக்க வேண்டாம். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளில் ஆர்சி மாடல்களும் அடங்கும். 25 கிலோவுக்கு மிகாமல், பொழுதுபோக்கு, கல்வி, ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டும், கண் பார்வைக்குள் பறக்கவிடப்படுபவை 'மாடல்' வகை. இவற்றுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால், ஆளில்லா விமானத்தைப் பதிவு செய்து தனி அடையாள எண் பெற வேண்டும் என்பதே பொது விதி. வணிக நோக்கமில்லாமல் 2 கிலோ வரை பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டாம்.

டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்கள் உண்டு. பச்சையில் 400 அடி வரை அனுமதி பெறாமல் பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. தூரத்தில் 200 அடி வரைதான். 5 முதல் 8 கி.மீ. என்றால் தரையிலிருந்தே மஞ்சள், அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடாது. விதியை மீறினால் ரூ.1 லட்சம் வரை அபராதம். மீனம்பாக்கம், தாம்பரம், சூலூர் பக்கம் இருப்பவர்கள் வரைபடத்தைப் பார்க்காமல் ரிமோட்டைத் தொடவே வேண்டாம். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சுருக்கமா சொன்னா...

முதலில் சிமுலேட்டர், அடுத்து ஃபோம் ட்ரெய்னர், பிறகு 4 கட்டுப்பாடுகளும் உள்ள விமானம், அதன் பிறகுதான் ஹெலிகாப்டர். ஒவ்வொரு முறையும் எடை மையம், அசைவின் திசை, ஃபெயில்சேஃப், காற்று, வரைபடம் ஆகிய ஐந்தையும் பாருங்கள். சில நிமிட வேலைதான். அதைச் செய்துவிட்டுக் கிளம்பினால், பறக்கவிட்ட விமானம் முழுசாக வீடு திரும்ப நிறையவே வாய்ப்பிருக்கிறது.