பைபிளில் ‘உடன்படிக்கை’: யாருக்கு, எந்த நிபந்தனையில்?

கிறிஸ்தவப் பள்ளியில் படிக்கும் தன் மகள் கேட்ட கேள்வியை ஒரு சகோதரி என்னிடம் கொண்டு வந்தார். “பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்கிறார்களே ஹஜ்ரத், ஏற்பாடு என்றால் என்ன? யார் யாருக்குச் செய்த ஏற்பாடு? நமக்கும் அப்படி ஒன்று உண்டா?” கல்யாண ஏற்பாடு, பயண ஏற்பாடு என்று பழகிய காதுக்கு அந்தச் சொல் குழப்பம் தருவது இயல்புதான்.

பைபிளின் எபிரேய மூலத்தில் உள்ள சொல் ‘பெரீத்’. அதன் பொருள் உடன்படிக்கை. எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள் இதற்கு ‘தியாத்தேக்கே’ என்ற சொல்லைப் போட்டார்கள். கிரேக்கர்களின் வழக்கில் அதற்கு உயில் என்றும் பொருள் உண்டு. அது லத்தீனில் ‘தெஸ்தாமெந்தும்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘டெஸ்டமென்ட்’ ஆனது. தமிழில் அதுவே ‘ஏற்பாடு’. ஆக, பழைய ஏற்பாடு என்றால் பழைய உடன்படிக்கை, அவ்வளவுதான்.

குர்ஆன் இதே கருத்துக்கு ‘மீஸாக்’, ‘அஹ்த்’ என்ற சொற்களை ஆள்கிறது. மீஸாக் என்பதன் வேர்ச்சொல் இறுகக் கட்டுவதைக் குறிக்கும். பெரீத் என்ற சொல்லும் விலங்கு, தளை என்ற பொருளுள்ள பழைய அக்காதியச் சொல்லோடு தொடர்புடையது என்று மொழியறிஞர்களில் ஒரு சாரார் கருதுகிறார்கள்.

பைபிளில் உடன்படிக்கை ஒன்றல்ல, பல. முதலில் நூஹ் (அலை) அவர்களோடு. இனி வெள்ளத்தால் உலகை அழிப்பதில்லை என்ற வாக்குறுதி அது. வானவில் அதன் அடையாளம் (ஆதியாகமம் 9). ஆடு மாடு, பறவைகள் உட்பட எல்லா உயிர்களுக்கும் அது பொது. குர்ஆன் நூஹ் நபியின் வரலாற்றை விரிவாகச் சொன்னாலும் வானவில்லைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அடுத்தது இப்ராஹீம் (அலை) அவர்களோடு செய்த உடன்படிக்கை. பெரும்பாலான விவாதங்கள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் ஒரு வினோதமான காட்சி வருகிறது. கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா ஆகியவற்றை இரண்டாகப் பிளந்து எதிரெதிரே வைக்கிறார் இப்ராஹீம். பறவைகளை மட்டும் பிளக்கவில்லை. இருள் சூழ்ந்ததும் புகையும் சூளையும் தீப்பந்தமும் அந்தத் துண்டங்களின் நடுவே கடந்து போகின்றன. எபிரேயத்தில் உடன்படிக்கை ‘செய்தார்’ என்பதற்கு ‘வெட்டினார்’ என்றே சொல்வார்கள். வாக்கை முறித்தால் எனக்கும் இந்தக் கதி ஆகட்டும் என்பதே நடுவே நடந்து போவதன் பொருள் என்பதற்கு எரேமியா 34இல் ஆதாரம் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, இங்கே இப்ராஹீம் நடந்து போகவில்லை. நெருப்பு மட்டுமே போகிறது. இறைவன் ஒருதலையாகத் தந்த வாக்குறுதி இது என்று யூதர்களும் கிறிஸ்தவர்களும் விளங்கிக்கொள்வது இதனால்தான்.

17ஆம் அதிகாரத்தில் அடையாளமாகக் கத்னா வருகிறது. அன்று இப்ராஹீமுக்கு வயது 99, இஸ்மாயீலுக்கு 13. இருவருக்கும் ஒரே நாளில் கத்னா நடக்கிறது. இஸ்மாயீலுக்குப் பெரும் சமுதாயம் ஆகும் பாக்கியம் உண்டு என்றும், ஆனால் உடன்படிக்கை இஸ்ஹாக்கின் வழியில் தொடரும் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. நம் மேடைகளில் சிலர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்காட்டி விட்டு இறங்கிவிடுகிறார்கள். பிறர் வேதத்திலிருந்து பேசும்போது முழுவதையும் சொல்வதுதான் அமானிதம்.

மூன்றாவது, தூர் ஸீனாய் மலையடியில் மூஸா (அலை) காலத்தில் நடந்தது. பலியிட்ட காளைகளின் இரத்தத்தில் பாதியைப் பலிபீடத்தின் மீதும், மீதியை மக்கள் மீதும் மூஸா தெளிக்கிறார் (யாத்திராகமம் 24). இதில் மக்களும் வாக்குக் கொடுக்கிறார்கள், நிபந்தனை இருக்கிறது. பழங்கால ஹிட்டைட் பேரரசர்கள் தங்களுக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசர்களோடு செய்த ஒப்பந்தங்களின் அமைப்பை இது ஒத்திருக்கிறது என்று ஜார்ஜ் மெண்டன்ஹால் 1954இல் எழுதினார். முதலில் அரசரின் பெயர், பிறகு அவர் செய்த உதவிகள், அதன் பின் கட்டளைகள், முடிவில் ஆசிகளும் சாபங்களும் வரும். உபாகமத்தின் சாபங்கள் கி.மு. 672ஆம் ஆண்டின் அசீரிய ஒப்பந்தத்துக்கே நெருக்கமானவை என்போரும் உண்டு. எப்படியானாலும் சரிசமமான இருவர் பேரம் பேசிப் போட்ட ஒப்பந்தம் அல்ல இது. காப்பாற்றியவன் கட்டளையிடுகிறான், காப்பாற்றப்பட்டவர்கள் ஏற்கிறார்கள்.

இப்போது நடப்புக்கு வருவோம். எகிப்தின் ஆறு முதல் யூப்ரடீஸ் வரையுள்ள நிலம் இப்ராஹீமின் சந்ததிக்கு என்று ஆதியாகமம் 15:18 சொல்வதைக் காட்டி, இறைவனே எழுதிக் கொடுத்த பட்டா என்று பலஸ்தீன் மண்ணில் உரிமை பேசுவோர் இருக்கிறார்கள். அதே தவ்ராத்தில் லேவியராகமம் 25:23, நிலம் இறைவனுடையது என்றும் அதில் இஸ்ரவேலர் அந்நியர்களாகத் தங்கியிருப்பவர்களே என்றும் சொல்கிறது. உடன்படிக்கையை முறித்தால் அந்த நிலத்திலிருந்தே பிடுங்கி எறியப்படுவார்கள் என்று உபாகமம் 28 எச்சரிக்கிறது. அவர்கள் சிதறிப்போன பிறகும் இறைவன் தன் உடன்படிக்கையை முறிக்கமாட்டான் என்ற வசனமும் லேவியராகமம் 26இல் உண்டு. இந்த இழுபறி பைபிளுக்குள்ளேயே இருக்கிறது. நாம் கொண்டுபோய் வைத்ததல்ல.

குர்ஆனும் அந்தப் புனித பூமி மூஸாவின் சமுதாயத்துக்கு விதிக்கப்பட்டதாகச் சொல்கிறது (5:21). ஆனால் அவர்கள் மறுத்தபோது அதே நிலம் நாற்பது ஆண்டுகள் தடுக்கப்பட்டது (5:26). வாரிசுரிமைக் கேள்விக்கு அல்பகரா 124இல் பதில் இருக்கிறது. மக்களுக்குத் தலைவராக ஆக்கப்பட்ட இப்ராஹீம் (அலை), என் சந்ததியிலும் அப்படியா என்று கேட்கிறார். தன் வாக்குறுதி அநியாயக்காரர்களைச் சேராது என்று அல்லாஹ் பதிலளிக்கிறான். இரத்த உறவு மட்டும் போதாது.

‘புதிய’ ஏற்பாடு என்ற பெயரும் எங்கிருந்தோ வந்ததல்ல. கல்லில் அல்ல, உள்ளத்திலேயே சட்டத்தை எழுதும் புதிய உடன்படிக்கை ஒன்று வரும் என்று எரேமியா 31ஆம் அதிகாரம் சொல்கிறது. ஈஸா (அலை) தம் கடைசி இராவிருந்தில் கிண்ணத்தை எடுத்து அதைத் தம் இரத்தத்திலான புதிய உடன்படிக்கை என்றதாக லூக்கா 22 சொல்கிறது. சர்ச்சுகளில் அப்பமும் ரசமும் பகிர்வது அதன் நினைவாகத்தான். எபிரெயர் நிருபம் ஒருபடி மேலே போய், முந்தையது பழையதாகிவிட்டது என்கிறது. யூதர்கள் இதை ஏற்பதில்லை. எரேமியா பேசியது இஸ்ரவேல், யூதா குடும்பத்தாரோடுதான் என்பது அவர்கள் வாதம். சிலுவைப் பலியை மறுக்கும் நமக்கும் அந்த இரத்த உடன்படிக்கையில் பங்கில்லை.

அந்த மகளின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நமக்கும் உண்டு. ஆதமுடைய மக்கள் அனைவரிடமும், நான் உங்கள் இறைவன் அல்லவா என்று கேட்டு வாங்கியதை அல்அஃராஃப் 172 சொல்கிறது. முஃமின்களிடம் வாங்கியதை அல்மாயிதா 7 நினைவூட்டுகிறது. அங்கே குறிக்கப்படுவது நபித்தோழர்கள் செய்த பைஅத் என்று முஃபஸ்ஸிர்களில் ஒரு சாராரும், ஆதமின் மக்களிடம் வாங்கியதே என்று மற்றொரு சாராரும் விளக்கியிருக்கிறார்கள்.

இதில் ஒரு சொல் நுட்பம் உண்டு. கேட்டுச் செய்வோம் என்று வாக்களித்தபோது இஸ்ரவேலர் சொன்ன ‘செய்வோம்’ என்பதற்கான எபிரேயச் சொல் ‘ஆஸீனு’. அவர்கள் வாக்கை முறித்ததைச் சொல்லும் அல்பகரா 93இல் வருவது, மாறு செய்தோம் என்ற பொருளுள்ள ‘அஸைனா’. ஒலி கிட்டத்தட்ட ஒன்று; பொருள் நேர் எதிர். அல்மாயிதா 7இல் முஃமின்கள் சொன்னதாக வருவது ‘அதஃனா’, கட்டுப்பட்டோம்.