டிரிங்கெட் தீவில் பிரசவம் பார்த்தது யார்?

டென்மார்க் வந்து ஏழு வருடமாகிறது. போன மாதம் பிள்ளைகளோடு ஒரு மாட்டுப் பண்ணைக்குப் போயிருந்தோம். அங்கே காளையின் விவரத்தாளில் பால் கணக்கோடு, கன்று சுலபமாகப் பிறக்குமா என்பதற்கும் ஒரு எண் போட்டிருந்தார்கள். உடனே எங்கள் வீட்டு லட்சுமி ஞாபகம் வந்துவிட்டது.

சின்ன நாட்டுக் கிடேரி. தலையீத்து. நிறையப் பாலுக்கு ஆசைப்பட்டு, பெரிய ஜாதிக் காளையின் சினை ஊசி போட்டோம். விடிய விடிய முக்கியது. முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிந்தன, தலை வரவில்லை. காலையில் தாயும் இல்லை, கன்றும் இல்லை. அப்பா அதற்குப் பிறகு மாடே வாங்கவில்லை.

டென்மார்க்குக்கும் ஒரு மாட்டுக் கதை உண்டு, நம் கடலில். 1756-ல் தரங்கம்பாடியிலிருந்த டேனிஷ்காரர்கள் நிக்கோபார் தீவுகளைத் தங்களுடையது என்றார்கள். மலேரியாவில் ஆட்கள் செத்துக்கொண்டே இருந்ததால் குடியேற்றம் நிலைக்கவில்லை. 1868-ல் உரிமையை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன மாடுகளின் வம்சம் என்று சொல்லப்படும் ஒரு கூட்டம், கமோர்ட்டா பக்கத்திலுள்ள டிரிங்கெட் தீவில் காட்டு மாடுகளாகத் திரிந்து வந்திருக்கிறது. 2004 சுனாமியில் தீவு துண்டாகி, மக்கள் கமோர்ட்டாவுக்குப் போய்விட்டார்கள். மாடுகள் போகவில்லை.

நூறு வருடத்துக்கு மேலாக அவற்றுக்குப் பிரசவம் பார்த்தது யார்? யாருமில்லை. பெரிய கன்றைச் சுமந்த பசு ஈன முடியாமல் செத்தால், அந்த வழி அதோடு முடிந்தது. சுகமாக ஈன்றவற்றின் வம்சம்தான் மிஞ்சும். தாயின் இடுப்பெலும்புக்குக் கன்று அளவாக இருக்கவேண்டும் என்ற கணக்கை இயற்கை ஈவிரக்கமில்லாமல் பார்த்துக்கொண்டது.

காளையை நாம் தேர்ந்தெடுக்க ஆரம்பித்ததும் அந்தக் கணக்கு நம் பொறுப்பாகிவிட்டது. பிறக்கும்போது ஹோல்ஸ்டீன் கன்று சுமார் 40 கிலோ, ஜெர்சி கன்று சுமார் 25 கிலோ. தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் என்று கலப்பினக் கொள்கை வைத்திருக்கிறார்கள். வெயில், தீவனம் ஒருபக்கம் இருக்கட்டும். சின்ன உடம்புப் பசுவுக்கு ஜெர்சி கன்றை ஈனுவது எளிது.

அடுத்த முறை ஊருக்குப் போன் போடும்போது, யாராவது கிடேரிக்கு ஊசி போடப் போவதாகச் சொன்னால், "பால் எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன்னால், "கன்னு எவ்வளவு பெரிசா வரும்?" என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். அன்றைக்கு எங்களுக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை.