பெட்டியில் கிடந்த பதில்

தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அடிக்கடி வரும் கெட்ட கனவு ஒன்று உண்டு. கதை பாதியில் நிற்கிறது. பத்திரிகாசிரியர் வந்து, "நீங்கள் எழுதினது போதும், மீதியை வேறொருவர் எழுதுவார்" என்கிறார். அடுத்த வாரம் பத்திரிகை வழக்கம்போல் வெளிவருகிறது. வாசகர் ஒருவர்கூட வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை! விழித்துக்கொண்ட பிறகும் மனத்தை அறுப்பது இந்தக் கடைசிப் பகுதிதான்.

இந்தக் கனவு மெய்யாகவே பலித்த ஒரு மனிதரின் கதையைச் சொல்லப் போகிறேன். நடந்தது பத்திரிகை உலகில் அல்ல, சினிமா உலகில். 'ஸூப்பர்மேன்' படத்தின் இரண்டாம் பாகம் உருவான கதை அது.

அந்தப் படத்தை நான் கொட்டகையில் பார்த்தேன். கால்சராய்க்கு மேல் சிவப்பு ஜட்டி அணிந்து ஆகாயத்தில் பறக்கிற ஒருவனிடம் எனக்கு என்ன வேலை என்று அலட்சியமாகத்தான் போய் உட்கார்ந்தேன். ஆனால் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. லோயிஸ் என்ற பெண்ணின் காதலுக்காக ஸூப்பர்மேன் தன் அபூர்வ பலத்தையெல்லாம் துறந்து சாதாரண மனிதன் ஆகிவிடுகிறான். அந்தச் சமயம் பார்த்து அவனுடைய கிரகத்திலிருந்து மூன்று குற்றவாளிகள் பூமிக்கு வந்து உலகத்தையே மண்டியிடச் சொல்கிறார்கள். சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் ஒரு முரடனிடம் அடிபட்டு ரத்தம் வடிய நிற்கிறான் நம் கதாநாயகன். செய்த தவறு உறைக்கிறது. பனிப் பிரதேசத்திலுள்ள தன் மாளிகைக்குத் திரும்பிச் சென்று கதறுகிறான். பச்சைப் படிகம் ஒன்று கண்ணில் படுகிறது. காட்சி மாறிவிடுகிறது. அடுத்தபடி அவனைப் பார்க்கும்போது பழைய பலத்தோடு வந்து நிற்கிறான்!

கொட்டகையில் ஒரே கரகோஷம். எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பையன் மட்டும் கை தட்டவில்லை.

"அப்பா, போன பலம் எப்படித் திரும்பி வந்தது?" என்று கேட்டான்.

"பேசாமல் படத்தைப் பாருடா!" என்றார் தகப்பனார்.

கதை எழுதுகிறவனான எனக்கே தோன்றாத கேள்வி அது. அதற்குப் பதில் கிடைக்கச் சுமார் கால் நூற்றாண்டு பிடித்தது.

ஸூப்பர்மேன் பிறந்த வேளையே அப்படிப்பட்டதோ என்னவோ! அவனைக் கற்பனை செய்தவர்கள் கிளீவ்லாந்து நகரத்து இளைஞர்களான ஜெர்ரி ஸீகலும் ஜோ ஷூஸ்டரும். 1938-ல் முதல் கதையோடு அதன் உரிமை முழுவதையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பாத்திரம் கோடி கோடியாகச் சம்பாதித்தது. படைத்தவர்கள் வறுமையில் வாடினார்கள். படம் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி பரவியபோது அவர்கள் நியாயம் கேட்டுக் குரல் எழுப்பினார்கள். அதன் பிறகுதான், 1975-ல், ஆளுக்கு வருஷத்துக்கு 20,000 டாலர் உபகாரச் சம்பளமும், கதையில் அவர்கள் பெயரும் கிடைத்தன.

படம் எடுத்தவர்கள் ஸால்கைண்டு என்னும் தகப்பனும் மகனும். கணக்கில் கெட்டிக்காரர்கள். முன்னொரு சமயம் 'மூன்று போர்வீரர்' கதையை ஒரே படம் என்று சொல்லி நடிகர்களை ஒப்பந்தம் செய்துவிட்டு, 1973-லும் 1974-லும் இரண்டு படங்களாக வெளியிட்டு வழக்கில் மாட்டிக்கொண்டவர்கள். இந்தத் தடவை ஒளிவு மறைவில்லாமல், இரண்டு பாகங்களையும் ஒரே மூச்சில் எடுப்பதாக ஏற்பாடு. டைரக்டர் ரிச்சர்டு டானர். 1977-ல் இங்கிலாந்தில் வேலை தொடங்கியது.

செலவு ஏறிற்று, நாட்கள் நீண்டன, முதலாளிகளுக்கும் டானருக்கும் பேச்சு வார்த்தையே நின்று போயிற்று. நடுவே தூது போவதற்கென்று ஒருவரை நியமித்தார்கள். அவர் பெயர் ரிச்சர்டு லெஸ்டர். போர்வீரர் படங்களை எடுத்துக் கொடுத்த அதே டைரக்டர். இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதியை எடுத்து முடித்திருந்த நிலையில், அதை அப்படியே நிறுத்திவிட்டு முதல் பாகத்தை முடிப்பதில் எல்லோரும் முனைந்தார்கள். 1978 டிசம்பரில் முதல் படம் வெளிவந்து, அமெரிக்காவில் மட்டும் 13 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

இவ்வளவு வெற்றி தேடிக் கொடுத்தவருக்கு மாலை போடுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? 1979-ல் டானரை விலக்கிவிட்டார்கள். தூது போனவரே டைரக்டர் நாற்காலியில் அமர்ந்தார். லெக்ஸ் லூதராக நடித்த ஜீன் ஹாக்மன் திரும்பி வந்து நடிக்கவில்லை. ஆகவே படத்தில் அவர் முகம் தெரிகிற காட்சிகள் டானர் எடுத்தவை. மற்ற இடங்களில் வேறொரு ஆளை நிறுத்தி ஒப்பேற்றினார்கள். பல காட்சிகளை லெஸ்டர் புதிதாக எடுத்தார். டைரக்டர் என்று திரையில் அவர் பெயர் மட்டுமே வந்தது.

இதையெல்லாம்விடப் பெரிய வெட்டு ஒன்று உண்டு. கதாநாயகனின் தகப்பன் ஜோர்-எல் வேஷத்தில் நடித்தவர் மார்லன் பிராண்டோ. முதல் படத்தில் சில நிமிஷங்களே வருவதற்கு அவர் வாங்கிய தொகை 37 லட்சம் டாலர். அதற்கு மேல் வசூலிலும் பங்கு. பங்கு விஷயத்தில் தகராறு முற்றி அவர் வழக்குத் தொடுத்தார். இரண்டாம் பாகத்திலும் அவர் முகம் தெரிந்தால் அதிலும் பங்கு கொடுக்க வேண்டியிருக்கும். கத்தரிக்கோலை எடுத்தார்கள், தகப்பன் போய்விட்டான். அவன் பேச வேண்டியதை ஸூஸன்னா யார்க் என்ற நடிகையைக் கொண்டு தாயின் வாயால் பேச வைத்தார்கள்.

வெட்டப்பட்ட காட்சி எது தெரியுமா? பலத்தை இழந்த மகன் மாளிகைக்குத் திரும்பி வந்து கதறுகிறான். எப்போதோ இறந்துபோன தகப்பனின் உருவமும் அறிவும் அங்கே படிகங்களில் அடங்கியிருக்கின்றன. மீதமிருக்கும் சக்தி முழுவதையும் மகனுக்குக் கொடுத்துவிட்டால் மகன் பிழைப்பான். ஆனால் தகப்பனின் குரல் இனி ஒருநாளும் ஒலிக்காது. தகப்பன் தயங்கவில்லை. கையை நீட்டி மகனைத் தொடுகிறான். அத்துடன் மறைந்து போகிறான். ஹுமாயூனின் படுக்கையைச் சுற்றி வந்து, மகனுக்கு ஈடாகத் தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி பாபர் வேண்டிக்கொண்டதாகக் கதை சொல்வார்களே, அதே உருக்கம் இங்கேயும் இருக்கிறது. கதையின் உயிர்நிலை இதுதான். கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியை மிச்சப்படுத்துவதற்காக அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள்.

இனி ரசிகர்களின் தீர்ப்புக்கு வருவோம். படம் 1980 டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலும், 1981 ஜூனில் அமெரிக்காவிலும் வெளியாயிற்று. கொட்டகைகள் நிரம்பின. அமெரிக்காவில் சுமார் 10.8 கோடி டாலர் வசூல். சிக்காகோ விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரங்களையும் கொடுத்தார். முதல் படத்தைவிட இதுவே மேல் என்றவர்களும் உண்டு. இருதயத்தை எடுத்துவிட்டு அனுப்பிய உடம்புக்கு ஊரே ஆரத்தி எடுத்தது! என் கனவின் கடைசிப் பகுதி இதுதான் அல்லவா?

ஆனால் ரசிகர்களை அவ்வளவு லேசாக எடைபோட்டுவிடக் கூடாது. 1984-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்தப் படத்தைக் காட்டியபோது, கொட்டகையில் வராத சில காட்சிகளையும் சேர்த்துக் காட்டினார்கள். உன்னிப்பாகப் பார்த்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். நாடாவில் பதிவு செய்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, "இது டானர் கை, இது லெஸ்டர் கை" என்று பிரித்தார்கள். பெட்டிகளில் இன்னும் என்னவெல்லாம் இருக்கிறது என்று கேட்டார்கள். இணையம் வந்த பிறகு கேட்டவர்களின் தொகை பெருகியது. 2004-ல் பிராண்டோவும், ஸூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவும் காலமானார்கள். புதிய ஸூப்பர்மேன் படம் ஒன்றுக்காகப் பிராண்டோ காட்சிகளைப் பயன்படுத்த உரிமை கிடைத்தபோது பழைய பூட்டும் திறந்தது. 2006 நவம்பரில், டானர் பெயரோடு, ரீவின் நினைவுக்குக் காணிக்கையாக, இரண்டாம் பாகம் மறுபடியும் வெளிவந்தது.

இந்தப் பதிப்பு குறையே இல்லாதது என்று சொல்லமாட்டேன். எடுக்காமலே விட்டுப்போன ஒரு முக்கியமான காட்சிக்கு, நடிகர்களைச் சோதித்துப் பார்ப்பதற்காக எடுத்த பழைய துண்டையே ஒட்டவைத்திருக்கிறார்கள். காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் முடிவு முதல் படத்திலேயே வந்துவிட்டதால் இங்கே கூறியது கூறலாக நிற்கிறது. லெஸ்டரின் வேடிக்கைகளே தங்களுக்குப் பிடித்தவை என்று இன்றும் சாதிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் அவருடைய கையில் முழுக்க முழுக்க உருவான மூன்றாம் பாகம், 1983-ல் அமெரிக்காவில் வசூலித்தது சுமார் 6 கோடி டாலர்தான். கரகோஷம் யாருக்குச் சேர வேண்டியது என்பதை ரசிகர்கள் அப்போதே கொஞ்சம் உணர்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

டானர் 2021-ல் காலமானார். பெட்டி திறந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார். எத்தனையோ படைப்பாளிகளுக்கு அந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை.

கை தட்டுகிறவர்களை நம்பித்தான் நாங்கள் பிழைக்கிறோம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கதையை முடிவில் காப்பாற்றுகிறவன், எல்லோரும் கை தட்டும்போது சும்மா இருந்து ஒரு கேள்வி கேட்கிறவன்தான். டானரின் பதிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஜோர்-எல் கையை நீட்டும் இடத்தில், எனக்கு அந்தப் பையனின் ஞாபகம் வந்துவிட்டது. இந்நேரம் அவனே ஒரு பையனுக்குத் தகப்பனாகியிருப்பான். எங்கேயாவது பார்த்தால் சொல்ல வேண்டும்: "தம்பி, அன்றைக்கு நீ கேட்டாயே, அந்தப் பலம் தானாக வரவில்லை. அப்பா கொடுத்தார்."