இடுக்கியிலிருந்து கத்தரிக்கு

ஐரோப்பியச் சிகையலங்காரத் தொழிலின் நவீன வரலாறு, கூந்தலை வெப்பத்தாலும் வேதிப்பொருளாலும் வளைத்து வடிவேற்றிய கலை, கூந்தலின் இயல்பை அறிந்து வெட்டும் கலையாக வளர்ந்த வரலாறாகும். 1872இல் பாரிசில் மார்செல் கிராட்டோ உருவாக்கிய முறையில், ஒரு கை உருண்டையாகவும் மறு கை குழிவாகவும் அமைந்த இடுக்கியைச் சூடேற்றி, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் கூந்தலில் அலைகள் பதிக்கப்பட்டன. இடுக்கியை முதலில் காகிதத்தில் வைத்து, அது கருகாத அளவு சூட்டை அறிந்த பின்னரே கூந்தலில் வைப்பது தொழில் ஒழுக்கமாக இருந்தது. ஆயினும், ஈரம் பட்டவுடன் குலையும் பிணைப்புகளையே வெப்பம் மாற்றியமைப்பதால், அந்த அலைகள் அடுத்த தலைக்குளியல் வரையே நிலைத்தன.

இக்குறையைத் தீர்க்க முனைந்தவர், ஜெர்மனியில் பிறந்த கார்ல் நெஸ்லர். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் லண்டனில் அவர் செய்துகாட்டிய நிலைச்சுருள் முறையில், காரக் கரைசலில் நனைத்த கூந்தல் உலோகக் குச்சிகளில் சுற்றப்பட்டுப் பல மணிநேரம் சூடேற்றப்பட்டது. மயிரின் புரதமான கெரட்டினில் உள்ள கந்தகப் பிணைப்புகள் அறுந்து புதிய நிலையில் மீண்டும் இணைவதால், சுருள் கழுவினாலும் கலையவில்லை. 1930களில் வெப்பமின்றியே இவ்வேலையைச் செய்யும் கரைசல்கள் வந்தன. எனினும், வாரந்தோறும் சிகையலங்கார நிலையம் சென்று, உருளைகளில் கூந்தலைச் சுற்றி உலர்த்தி, பசைத்தூவலால் நிலைநிறுத்தும் வழக்கம் 1950களிலும் நீடித்தது.

அவ்வழக்கத்தை உடைத்தவர், 1954இல் லண்டனில் தம் முதல் நிலையத்தைத் திறந்த விடால் சசூன். பௌஹாஸ் கட்டடக்கலையின் தெளிவான கோடுகளால் ஈர்க்கப்பட்ட அவர், ஈரக் கூந்தலைச் சிறு பகுதிகளாக வகிடெடுத்து, ஒரே இழுவிசையில் சீப்பால் பிடித்து, மண்டையோட்டின் வளைவுக்கேற்ற கோணத்தில் வெட்டினார். முதலில் வெட்டிய பகுதியே அடுத்ததற்கு அளவுகோலாயிற்று. 1963இல் நடிகை நான்சி குவானுக்கு அவர் வெட்டிய குட்டைக் கூந்தலும், அதைத் தொடர்ந்து காதோரங்களிலும் பிடரியிலும் கூர்முனைகளை அமைத்த ஐம்முனை வெட்டும் உலகெங்கும் பரவின. கழுவி உதறினாலே வடிவுக்குத் திரும்பும் கூந்தல், பெண்களை உருளைகளிலிருந்தும் வாராந்தரக் காத்திருப்பிலிருந்தும் விடுவித்தது.

இன்று விரும்பப்படும் பாப் வெட்டும் அடுக்கு வெட்டும் இந்தக் கோணக் கணக்கின் மீதே நிற்கின்றன. பாணிகளின் பெயர்கள் பருவத்துக்குப் பருவம் மாறினாலும், சுழியையும் மயிரின் அடர்த்தியையும் அது முளைக்கும் திசையையும் கணித்த பின்னரே கத்தரியை எடுக்கும் பயிற்சியே கலைஞரின் தகுதியை நிர்ணயிக்கிறது. அப்பயிற்சிக்கு உரிய மதிப்பை அளிக்காமல் பாணிகளை மட்டும் பதிவுசெய்யும் வரலாறு முழுமை பெறாது.